கண்ணாடிப் பெட்டிக்குள் 33: லோயர் மெரியன் பள்ளியும் கோபி பிரையன்டும்

எங்கள் பழைய மாணவர் வாட்சப் குழுவில் மூன்று மாதமாக ஒரே சண்டை. விளையாட்டுச் சாமான் அறைக்கு வெளியே, பந்து பட்டுப் பட்டுச் சுண்ணாம்பு பெயர்ந்த அந்தச் சுவரில், நன்றாக விளையாடிய பழைய மாணவர்களுக்கு ஒரு கௌரவப் பலகை வைக்கலாம் என்று ஒருவர் ஆரம்பித்தார். நல்ல யோசனைதான். ஆனால் யார் பெயர் முதலில், மாநில அளவில் ஆடியவரா மாவட்டமே போதுமா, பலகைக்குப் பணம் தருபவரின் பெயர் எவ்வளவு பெரிய எழுத்தில் என்று அடுத்த நாளே பேச்சு திசைமாறிவிட்டது. டெக்சாஸில் இருக்கும் ஒரு அண்ணன், "இங்கே ஹைஸ்கூலுக்கு ஹைஸ்கூல் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கு, அதைப் பார்த்துச் செய்யுங்கப்பா" என்று ஒரு வரி போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். (ஹால் ஆஃப் ஃபேம் என்றால் சாதித்தவர்களின் பெயரைப் பொறித்து வைக்கும் புகழ்க்கூடம்.)

சரி, அவர்கள் எப்படித்தான் செய்கிறார்கள் என்று பார்க்க உட்கார்ந்தேன். பத்துப் பள்ளிகளை நுனிப்புல் மேய்வதைவிட ஒரே பள்ளியை, அதிலும் ஒரே ஒரு மாணவரின் விஷயத்தை எடுத்துக் கடைசிவரை பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். பள்ளி, அமெரிக்காவில் பிலடெல்பியா நகரை ஒட்டிய ஆர்ட்மோரில் இருக்கும் லோயர் மெரியன் உயர்நிலைப் பள்ளி. மாணவர், கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட். (தமிழில் எழுதினால் கோபிசெட்டிபாளையத்துக்காரர் மாதிரி ஆகிவிடுகிறார், என்ன செய்வது. ஜப்பானின் கோபே மாட்டிறைச்சியை உணவக மெனுவில் பார்த்துப் பெற்றோர் வைத்த பெயர் அது.)

ஏன் இவர் என்றால், ஒரு பள்ளி தன் பழைய மாணவரை எத்தனை விதமாகக் கௌரவிக்க முடியுமோ அத்தனையும் இவர் விஷயத்தில் நடந்திருக்கிறது. அதில் எத்தனை சிக்கல் வர முடியுமோ அதுவும் அநேகமாக வந்துவிட்டது.

பொதுவாக எப்படிச் செய்கிறார்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊருக்கு ஊர் சின்னச் சின்ன வித்தியாசம்தான். பள்ளியின் விளையாட்டு இயக்குநர், ஓய்வு பெற்ற ஒன்றிரண்டு கோச்சுகள், சில பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு குழு. யார் வேண்டுமானாலும் ஒரு பெயரைப் பரிந்துரைக்கலாம், அதற்கு ஒரு படிவம் உண்டு. படிப்பு முடித்து ஐந்து வருடமோ பத்து வருடமோ ஆகியிருக்க வேண்டும் என்று பெரும்பாலான இடங்களில் விதி. போன வருடம் கோப்பை வாங்கிய சூட்டில் ஒருவரைத் தூக்கி மேலே வைத்துவிடக் கூடாது என்பதற்காக இது. வருடத்துக்குச் சில பேர். அவர்களுக்கு ஒரு விருந்து, ஒரு பலகை, உள்ளூர் ஆட்டத்தின் இடைவேளையில் மைதானத்துக்கு நடுவே நிற்க வைத்துக் கைதட்டல். தனி ஆள் மட்டும் என்றில்லை, ஒரு வருடத்து முழு அணியையும் சேர்ப்பார்கள். நாற்பது வருடம் ஸ்கோர் எழுதியவரையும், டிக்கெட் கிழித்தவரையும்கூட "பங்களிப்பாளர்" என்று சேர்ப்பதுண்டு. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்தக் கடைசி விஷயம்தான். நம் பள்ளியில் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவர் பெயர் யாருக்காவது தெரியுமா?

நாட்டளவில் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுக்கென்றே 1982இல் தொடங்கப்பட்ட ஹால் ஆஃப் ஃபேம் ஒன்று தனியாக இருக்கிறது. ஆனால் ஊர்க்காரர்களுக்கு முக்கியம் தங்கள் பள்ளிச் சுவர்தான். வாசலைத் தாண்டியதும் கண்ணாடி போட்ட அலமாரியில் கோப்பைகள், பட்டம் ஜெயித்த அன்று கூடையிலிருந்து வெட்டிய வலைத் துண்டு, கையெழுத்துப் போட்ட பந்து, மங்கிய குழுப்படம் எல்லாம் இருக்கும்.

4 வெற்றி, 20 தோல்வி

கோபியின் அப்பா ஜோ பிரையன்டும் தொழில்முறைக் கூடைப்பந்து வீரர். அமெரிக்காவின் பெரிய தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவில் ஆடி முடித்துவிட்டு, 1984இல் குடும்பத்தோடு இத்தாலிக்குப் போய் அங்கே ஆடினார். 1991இல் திரும்பினார்கள். அப்போது கோபிக்கு வயது 13. இத்தாலிய மொழி சரளம், அமெரிக்கத் தெருப்பேச்சு தடுமாற்றம். இந்த நிலையில்தான் லோயர் மெரியனுக்கு வந்து சேர்கிறார்.

பள்ளிக்கும் பழைய பெருமை உண்டு. 1941, 1942, 1943 என்று வரிசையாக மூன்று வருடம் மாநிலப் பட்டம் வாங்கிய பள்ளி அது. ஆனால் அதற்கப்புறம் ஐம்பது வருடம் ஒன்றுமில்லை. கிரெக் டவுனர் என்ற இளைஞர் 1990இல் கோச்சாக வருகிறார். கோபியின் முதல் வருடம், அந்த அணி 24 ஆட்டம் ஆடி 4 ஜெயித்து 20 தோற்றது. நாளைக்கு உலகமே கொண்டாடப் போகும் ஆட்டக்காரர் அணியில் இருந்தும் இருபது தோல்வி.

அடுத்த மூன்று வருடம் கதையே வேறு. மூன்றும் சேர்த்து 77 வெற்றி, 13 தோல்வி. கடைசி வருடமான 1995-96 பருவத்தில் 31 வெற்றி, 3 தோல்வி. அரையிறுதியில் செஸ்டர் பள்ளியோடு கூடுதல் நேரம்வரை போய் 77-69; அதில் கோபி மட்டும் 39 புள்ளி. இறுதியாட்டம் ஹெர்ஷியில், ஆம் சாக்லேட் ஹெர்ஷிதான், ஈரி கதீட்ரல் பிரெப் பள்ளிக்கு எதிராக 48-43. இதில் அவர் எடுத்தது 17 புள்ளிதான். எதிரணி அவரைச் சுற்றி வளைத்திருந்தது. மற்றவர்கள் ஆடி ஜெயித்தார்கள். 53 வருடத்துக்குப் பிறகு பள்ளிக்கு மாநிலப் பட்டம். நான்கு வருடத்தில் அவர் சேர்த்த மொத்தம் 2,883 புள்ளிகள், தென்கிழக்குப் பென்சில்வேனியாவில் அதுவரை யாரும் தொடாத எண்ணிக்கை. பிலடெல்பியா ஓவர்புரூக் பள்ளியில் ஆடிய பழைய கூடைப்பந்து ஜாம்பவான் வில்ட் சேம்பர்லெயினையும் அதில் தாண்டிவிட்டார்.

அந்த ஏப்ரலில் பள்ளி ஜிம்மில் (ஜிம் என்றதும் தண்டால் எடுக்கும் இடத்தை நினைக்க வேண்டாம், கேலரியோடு இருக்கும் உள்ளரங்கம்) மைக் முன்னால், தலைமேல் கூலிங்கிளாஸ் ஏற்றிக்கொண்டு, கல்லூரிக்குப் போகவில்லை, நேராக என்பிஏவுக்குப் போகிறேன் என்று அறிவித்தார். வயது 17. என்பிஏ அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 13ஆவது ஆளாக ஷார்லட் ஹார்னெட்ஸ் அணி எடுத்தது. அங்கிருந்து லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு மாற்றினார்கள். மீதி எல்லோருக்கும் தெரியும், அது பள்ளிக்கூடக் கதையும் இல்லை.

ஐந்து என்பிஏ பட்டம், ஒரே ஆட்டத்தில் 81 புள்ளி, இரண்டு ஒலிம்பிக் தங்கம் எல்லாம் லேக்கர்ஸ் அரங்கத்திலும் கூடைப்பந்துக்கென்றே இருக்கும் ஹால் ஆஃப் ஃபேமிலும் தொங்க வேண்டியவை. பள்ளிக்குச் சொந்தம் என்று சொல்ல இருப்பவை 2,883, 31-3, அப்புறம் 4-20. கடைசி எண்ணை நான் வேண்டுமென்றேதான் சேர்க்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எண்ணுக்கு ஓய்வு

கோபி பள்ளியில் முதலில் 24ஆம் எண் சட்டை போட்டு ஆடினார், பிறகு 33. அந்த 33-க்கு 2002இல் பள்ளி ஓய்வு கொடுத்தது. அதாவது இனி அந்தப் பள்ளியில் யாரும் 33 போட்டு ஆட முடியாது. அப்போது அவருக்கு 23 வயது, படிப்பை முடித்து ஆறு வருடம்.

இதே 2002 பிப்ரவரியில், சிறந்த ஆட்டக்காரர்கள் மட்டும் ஆடும் என்பிஏ ஆல்-ஸ்டார் ஆட்டம் பிலடெல்பியாவில் நடந்தது. கோபிதான் ஆட்டநாயகன். கோப்பையை வாங்கும்போது சொந்த ஊர்க் கூட்டம் ஊளையிட்டது. முந்தின வருடம்தான் லேக்கர்ஸ் பிலடெல்பியா அணியை இறுதிச் சுற்றில் தோற்கடித்திருந்தது, அந்தக் கோபம். கொஞ்ச தூரத்தில் இருக்கும் பள்ளி அவர் சட்டையைத் தூக்கிச் சுவரில் மாட்டுகிறது, நகரம் அவரைப் பார்த்துக் கத்துகிறது. பள்ளிச் சுவருக்கும் ஊர் அபிப்பிராயத்துக்கும் சம்பந்தம் இருக்கத் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

எண்ணுக்கு ஓய்வு கொடுப்பதில் யாரும் யோசிக்காத ஒரு செலவு இருக்கிறது. அந்தக் காலத்து அமெரிக்கப் பள்ளிக் கூடைப்பந்து விதிப்படி சட்டையில் 0 முதல் 5 வரையிலான இலக்கங்கள்தான் வரலாம், ஏனென்றால் நடுவர் எந்த ஆட்டக்காரர் தவறு செய்தார் என்பதை விரல் காட்டிச் சொல்வார், ஒரு கையில் ஐந்து விரல்தான். 33 சரி, 24 சரி, 37 கூடாது. இப்படிக் கணக்குப் போட்டால் ஒரு பள்ளிக்கு இருந்தது மொத்தமே 37 எண்கள். நல்ல ஆட்டக்காரர் வரும்போதெல்லாம் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டே போனால் இரண்டு தலைமுறையில் பையன்களுக்குப் போட எண் இருக்காது. அதனால்தான் நிறையப் பள்ளிகள் எண்ணை விட்டுவிட்டுச் சட்டையை மட்டும் மாட்டுகின்றன. எண் புழக்கத்தில் இருக்கும். என்னைக் கேட்டால் அதுதான் மேல். 33 போட்டு ஆட ஆசைப்படும் ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு அதைக் கொடுப்பதைவிடப் பெரிய மரியாதை கோபிக்கு என்ன இருக்க முடியும்?

4,11,000 டாலர் உபயம்

2010. பள்ளிக்குப் புதிய கட்டடம். கோபியும் அவர் மனைவியும் நடத்திய குடும்ப அறக்கட்டளை 4,11,000 டாலர் கொடுத்தது. அந்த டிசம்பர் 16ஆம் தேதி, கூடைப்பந்து அரங்கத்துக்கு "கோபி பிரையன்ட் ஜிம்னேசியம்" என்று பெயர் வைத்தார்கள். அவரே வந்திருந்தார்.

நம் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் "உபயம்" என்று கொடுத்தவர் பெயரை எழுதி எழுதி, கடைசியில் வெளிச்சமே வராத கதை எல்லோருக்கும் தெரியும். இங்கே அப்படி இல்லை என்று வாதிடலாம்: காசே கொடுக்காவிட்டாலும் அந்த அரங்கத்துக்கு வைக்க அவர் பெயரைவிட்டால் வேறு எது? உண்மைதான். ஆனால் தகுதியும் நன்கொடையும் ஒரே கல்வெட்டில் கலந்துவிட்டால், பின்னால் வரும் பையனுக்கு எது எதற்காக என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. 2002இல் சட்டையை மாட்டியது ஆட்டத்துக்காக மட்டும். ஒரு டாலரும் கை மாறவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் அது நடந்திருக்கும். 2010இல் அரங்கத்துக்குப் பெயர் வைத்தது அப்படியா என்று என்னால் சொல்ல முடியாது, பணமும் பெயரும் சேர்ந்தே வந்தன. எங்கள் குழுவில் பலகைக்கு ஸ்பான்சர் பேசும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கொடுத்தவர் பெயரைத் தாராளமாகப் போடுங்கள், வேறு சுவரில் போடுங்கள்.

(சம்பந்தமில்லாத ஒரு தகவல், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதே 2010இல் அந்தப் பள்ளி மாவட்டம், அதாவது அந்த வட்டாரப் பள்ளிகளின் நிர்வாகம், வேறொரு விஷயத்துக்காகவும் நாடு முழுக்கச் செய்தியில் அடிபட்டது. மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினியின் கேமரா வீட்டில் இருக்கும்போதும் படம் எடுத்ததாக வழக்கு. அக்டோபரில் 6,10,000 டாலருக்குச் சமரசம். டிசம்பரில் இந்த விழா. பள்ளி நிர்வாகத்துக்கு அந்த வருடம் ஒரு நல்ல செய்தி ரொம்பவே தேவைப்பட்டிருக்கும்.)

கொலராடோ

இதைத் தாண்டிப் போக முடியாது, தாண்டிப் போகும் கட்டுரைகள்தான் அதிகம் என்றாலும். 2003 ஜூலையில், கொலராடோ மாநிலத்தில் ஒரு விடுதியில் வேலை பார்த்த 19 வயதுப் பெண் கொடுத்த புகாரில் கோபி மீது பாலியல் வன்கொடுமை வழக்கு. விருப்பத்தோடு நடந்தது என்பது அவர் வாதம். 2004 செப்டம்பரில், அந்தப் பெண் சாட்சி சொல்ல முன்வராத நிலையில் குற்றவியல் வழக்கு தள்ளுபடி ஆனது. அப்போது கோபி வெளியிட்ட மன்னிப்பு அறிக்கையில், நடந்ததைத் தான் பார்த்த மாதிரி அந்தப் பெண் பார்க்கவில்லை, அவர் சம்மதிக்கவில்லை என்று உணர்வதை இப்போது புரிந்துகொள்கிறேன் என்ற பொருளில் சொல்லியிருந்தார். உரிமையியல் வழக்கு 2005இல் சமரசமாக முடிந்தது, விவரம் வெளியிடப்படவில்லை.

இப்போது தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். சட்டை மாட்டியது 2002. வழக்கு 2003. அரங்கத்துக்குப் பெயர் 2010. அதாவது முதல் கௌரவம் கொடுக்கும்போது இதெல்லாம் யாருக்கும் தெரியாது. இரண்டாவது கொடுக்கும்போது எல்லோருக்கும் தெரியும். நிறையப் பள்ளிகளின் விதிமுறையில் "நன்னடத்தை" என்று ஒரு வரி இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் உள்ளே விடுவதற்கு முன்பு பார்க்கிற வரி; உள்ளே வந்தபின் என்ன செய்வது என்பதைப் பற்றி நிறையப் பேர் எழுதி வைப்பதே இல்லை. 2018இல் அவருக்கு ஒரு குறும்படத்துக்காக ஆஸ்கர் கிடைத்தது. அதே வருடம் ஓர் அனிமேஷன் திரைப்பட விழா, இந்தப் பழைய வழக்கைச் சுட்டிக்காட்டி எழுந்த எதிர்ப்பால், அவரை நடுவர் குழுவிலிருந்து நீக்கியது. ஒரே ஆளை ஒரே வருடத்தில் ஒரு மேடை ஏற்றியது, இன்னொரு மேடை இறக்கியது.

பள்ளி என்ன செய்திருக்க வேண்டும்? எனக்கு இதில் தெளிவான பதில் இல்லை, ஆனால் ஒரு சின்ன வேறுபாடு தெரிகிறது. "1996 மாநிலப் பட்டம், 2,883 புள்ளி" என்று எழுதிய பலகை நடந்ததைச் சொல்கிறது. எந்த வழக்கும் அதை மாற்றாது. அரங்கத்துக்கே ஒருவர் பெயரை வைப்பது அந்த மனிதரையே முழுசாக முன்னால் நிறுத்துவது. அந்த அரங்கத்தில் பெண்கள் அணியும் ஆடுகிறது. முதலாவதைத் தயங்காமல் செய்வேன். இரண்டாவதற்கு முன் நிறைய யோசிப்பேன்.

யார் வீட்டுப் பொருள்?

கௌரவம் என்றால் பொருளும்தான். பழைய சட்டை, மோதிரம், வலை. அதுவும் பிரபலத்தின் பள்ளிக்காலப் பொருள் என்றால் சந்தையில் அதற்குக் காசு. 2013இல் கோபியின் அம்மா, வீட்டில் இருந்த பழைய பொருட்களை, பள்ளிக்காலச் சீருடைகள் உட்பட, நியூஜெர்சியில் ஒரு ஏல நிறுவனத்திடம் கொடுத்து 4,50,000 டாலர் முன்பணம் வாங்கினார். என் பொருளை நான் யாருக்கும் கொடுக்கவில்லை என்றார் மகன். எனக்கு வேண்டாம் என்று மகனே சொன்னதாக அம்மா. வழக்கு, நீதிமன்றம், ஊடகங்களில் அம்மா-பிள்ளை சண்டை. அந்த ஜூனில் சமரசம்: நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்களில் ஆறு மட்டும் ஏலத்துக்கு, மீதி அவருக்குத் திரும்பும், பெற்றோர் வருத்தம் தெரிவித்து அறிக்கை விட்டார்கள்.

இந்தச் சண்டை பள்ளிக்குச் சம்பந்தமில்லாதது போலத் தெரியும். ஆனால் ஒரு பள்ளிச் சீருடை யாருடையது? ஆடியவருடையதா, துவைத்து மடித்து வைத்த அம்மாவுடையதா, வாங்கிக் கொடுத்த பள்ளியுடையதா? காட்சிப்பெட்டி வைக்கும் எந்தப் பள்ளியும் பொருளை வாங்கும்போதே இதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். இரவலா, நன்கொடையா, திருப்பிக் கேட்டால் கொடுக்க வேண்டுமா?

அப்புறம் 2017 பிப்ரவரி. பள்ளிக்குள்ளேயே காட்சிப்பெட்டியை உடைத்து கோபி சம்பந்தப்பட்ட பொருட்களைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள், அந்த 33 சட்டை உட்பட. அது கைமாறிக் கைமாறி எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? சீனாவின் ஹார்பின் நகரத்தில். அங்கே ஒரு சேகரிப்பாளர், கோபியின் தீவிர ரசிகர், காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். வாங்கிய பிறகு இது திருட்டுப் போன சட்டையாக இருக்குமோ என்று சந்தேகம் வந்து அவரே பள்ளியைத் தொடர்புகொண்டு திருப்பிக் கொடுத்தார். இந்த முழு விவகாரத்திலும் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அவர்தான். பெட்டியை உடைத்தவருக்கு அது பணம். உலகின் மறுகோடியில் இருந்தவருக்கு அது அந்தச் சுவரில் இருக்க வேண்டிய பொருள்.

2020 ஜனவரி 26. கலிபோர்னியாவில் கலபசாஸ் மலையில் ஹெலிகாப்டர் மோதி கோபியும், 13 வயது மகள் ஜியானாவும், மேலும் ஏழு பேரும் இறந்தார்கள். செய்தி வந்த அன்றே லோயர் மெரியன் அரங்கத்தின் வாசலுக்கு மக்கள் வர ஆரம்பித்தார்கள். பூ, மெழுகுவத்தி, சட்டைகள், கையெழுத்துப் போட்ட கூடைப்பந்துகள் வாசலை மூடிக் கிடந்தன. பதினெட்டு வருடம் முன்பு ஊளையிட்ட அதே ஊர். சில நாள் கழித்துப் பள்ளி அணியின் ஆட்டத்துக்கு முன்னால், ஹார்பினிலிருந்து திரும்பி வந்த அந்த 33 சட்டையைச் சட்டம் போட்டுக் கூட்டத்துக்குக் காட்டினார்கள். டவுனர்தான் அப்போதும் கோச்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அழ வந்த கூட்டத்துக்குப் போக ஓர் இடம் தேவைப்பட்டது, அந்த இடம் ஏற்கெனவே இருந்தது, கதவுக்கு மேல் பெயரும் இருந்தது. மேலே நான் அரங்கப் பெயரைப் பற்றி இவ்வளவு இழுத்தேனே, அதற்கு எதிர்வாதம் இதுதான், அதைச் சொல்லாமல் மறைத்தால் நியாயமில்லை.

சுவரில் இடம் கிடைக்காதவர்கள்

லோயர் மெரியனில் படித்தவர்கள் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். அமெரிக்க விமானப்படையை உருவாக்கியவர்களில் முதன்மையான ஜெனரல் ஹென்றி ஆர்னால்ட், வெளியுறவு அமைச்சராக இருந்த அலெக்சாண்டர் ஹேக், அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்துக்குத் தலைவராக இருந்த ஜேம்ஸ் பில்லிங்டன் எல்லாம் அந்தப் பள்ளிதான். உலகம் பார்க்க வருவது 33. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, விளையாட்டின் இயல்பு அது. பில்லிங்டன் பரீட்சை எழுதியதைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்கிக் கேலரியில் உட்காரவில்லை.

வருத்தப்பட வேண்டியது வேறு. அமெரிக்கப் பள்ளி ஹால் ஆஃப் ஃபேம் எதை எடுத்தாலும் பழைய வருடங்களில் பெண்கள் பெயர் அருகிப் போயிருக்கும். ஆடத் தெரியாததால் இல்லை, அணியே இல்லாததால். 1971-72இல் நாடு முழுக்கப் பள்ளி விளையாட்டில் பையன்கள் 36 லட்சத்துக்கும் மேல். பெண்கள் மூன்று லட்சம்கூட இல்லை, 2,94,000 சொச்சம். கல்வியில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று 1972இல் வந்த டைட்டில் ஒன்பது சட்டத்துக்குப் பிறகுதான் நிலைமை மாறியது. ஆகவே, "பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அதன்படி தகுதியானவரை எடுப்போம்" என்று ஒரு குழு நேர்மையாகவே உட்கார்ந்தாலும் பாதிப் பள்ளி விடுபட்டுப் போகும்.

அடுத்தது கூட ஆடியவர்கள். 1996 இறுதியாட்டத்தில் 48இல் 17 போக மீதி 31 புள்ளியை எடுத்தவர்கள். பள்ளிகள் முழு அணியையும் சேர்க்கும் பழக்கம் இந்த இடத்தில்தான் அழகாகத் தெரிகிறது, தனி ஆளுக்கு ஒரு பலகை வைக்கும் முன்பே அணிக்கு ஒன்று வைத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. சும்மா பெரிய மனசுக்காகச் சொல்லவில்லை. பலகையைத் தினமும் கடந்து போகிற பையன்களில் இன்னொரு கோபி வருவது நூறு வருடத்துக்கு ஒரு முறை. அந்த மற்ற நாலு பேர் மாதிரி ஆகக்கூடியவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள்.

அதே காரணத்துக்காகத்தான் 4-20. பள்ளியில் மாட்டுகிற பலகை மாட்டப்படுபவருக்கு அவ்வளவு முக்கியமில்லை, அவருக்கு வேறு ஆயிரம் மாலை விழுந்துவிட்டது. அதைப் படிக்கப்போவது தினம் அந்த வழியாக வகுப்புக்குப் போகிற, நேற்று ஆட்டத்தில் தோற்ற பிள்ளைகள். அவர்களுக்கு "ஐந்து முறை என்பிஏ சாம்பியன்" என்பது வானத்து நட்சத்திரம். "இதே பள்ளியில், முதல் வருடம், இருபது ஆட்டம் தோற்றார்கள்" என்பது அவர்களுடைய விஷயம். மைக்கேல் ஜோர்டன் கதையையும் பாருங்கள்: வடகரோலினா லேனி பள்ளியில் இரண்டாம் வருடம் முதல் அணியில் இடம் கிடைக்காமல் இளையோர் அணியில் ஆடினார். பள்ளி அரங்கத்துக்கு இன்று அவர் பெயர்தான். ஆனால் உலகம் முழுக்கப் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்வது அந்த இடம் கிடைக்காத வருடத்தைத்தான், கொஞ்சம் மசாலா சேர்த்து.

பலகையே இல்லாத ஒரு கௌரவமும் உண்டு, இதோடு சொல்லிவிடுகிறேன். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர்களுக்குப் பதக்கத்தோடு ஓர் ஓக் மரக்கன்றும் கொடுத்தார்கள். அமெரிக்க ஓட்டக்காரர் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு நான்கு தங்கம், நான்கு கன்று. அதில் ஒன்று கிளீவ்லாந்தில் ரோட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் நடப்பட்டது. அவர் படித்தது ஈஸ்ட் டெக் பள்ளி. ரோட்ஸில் ஓடிப் பயிற்சி எடுத்தார், அவ்வளவுதான். மரம் எண்பது வருடம் தாண்டி நின்றது, தளர ஆரம்பித்ததும் அதிலிருந்து புதிய கன்றுகள் எடுத்தார்கள். பெட்டி உடையும், சட்டை திருட்டுப் போகும், மரத்தைத் தூக்கிக்கொண்டு ஹார்பினுக்குப் போக முடியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு எங்கள் குழுவில் நான் ஒரு நாலு வரி போட்டேன்: படித்து முடித்துப் பத்து வருடம் ஆனவர்கள் மட்டும், முதல் பலகை அணிகளுக்கு, ஸ்பான்சர் பெயர் சாமான் அறைக்கு உள்ளே, தோற்ற வருடத்துப் படம் ஒன்றும் வேண்டும். அதோடு ஒரு கேள்வி. எண்பதுகளில், பையன்களின் குண்டை வாங்கிப் பயிற்சி எடுத்து, வட்டார அளவில் குண்டு எறிதலில் முதலில் வந்த ஒரு அக்கா இருந்தார், பதிவேட்டில் அந்த வருடத்துப் பக்கமே இல்லை, அவர் பெயர் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

ஸ்பான்சர் பெயரைப் பற்றி அறுபத்திரண்டு பதில் வந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு, எங்களுடைய பழைய பி.டி. சாரின் மகன் தனியாக ஒரு செய்தி அனுப்பினார்: "அப்பாவுக்கு அந்த அக்கா பெயர் தெரியுமாம். எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள் என்பதும் தெரியுமாம். நாளைக்கு போன் பண்ணுங்க."